ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதிக் கொடு!

"மருந்து ஒத்துக்கொள்ளவில்லை." ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த இரண்டு சொற்களைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய உழைப்பாளிக் குடும்பங்கள் எத்தனையோ. எந்த மருந்து? யாரும் சொல்வதில்லை. கொடுத்த எவ்வளவு நேரத்தில் என்ன செய்தது? ஏட்டில் இருந்தாலும் நோயாளியின் கையில் இல்லை. பிழைத்தவர் பிழைத்தார். அடுத்த மாதம் வேறொரு காய்ச்சலுக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் அதே மருந்து அதே உடம்பில் ஏறுகிறது. முதல் தடவை நடந்ததை யாராலும் முன்கூட்டி அறிய முடியாமல் போயிருக்கலாம். இரண்டாம் தடவை நடப்பதற்கு அந்தச் சமாதானம் கிடையாது. ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால்தான் அது நடக்கிறது.

இந்த ஒவ்வாமை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். நம் உடம்புக்குள் நோய்க் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. சிலருடைய உடம்பில் இந்தப் படை ஏதோ ஒரு மருந்தைப் பகையென்று எண்ணிவிடுகிறது. முதல் முறை மருந்து உள்ளே போகும்போது வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சத்தமில்லாமல் ஆயுதம் தயாராகிறது. பிறகு ஒரு நாள் அதே மருந்து வந்ததும், சில நிமிஷங்களில் ஹிஸ்டமின் முதலான பொருள்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, தொண்டை வீங்குகிறது, மூச்சுக் குழல் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. "போன தடவை இதே ஊசிதானே போட்டார்கள், ஒன்றும் செய்யவில்லையே" என்பது இதனால்தான் தைரியம் தருகிற பேச்சாகாது.

இதை முதலில் சோதனையில் கண்டவர்கள் பிரான்ஸ் நாட்டின் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இருவர். கடல் பிராணி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் ஏற்றிப் பழக்கினால் அவை அதைத் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடியும் சிறு அளவு கொடுத்தபோது, முதல் தடவை தாங்கிய நாய் அரை மணிக்குள் செத்துப் போயிற்று. 1902-ல் இதற்கு 'அனபைலாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஷயம் தெரிந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நம் ஆஸ்பத்திரிகளில் இதைத் 'தலைவிதி' என்று பேசுவது கேலிக்கூத்து.

அடையாளங்களை உழைக்கும் மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட சில நிமிஷங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, உடம்பெங்கும் தடிப்பு, உதடும் கண் இமையும் வீங்குதல், குரல் கரகரத்தல், மூச்சுத் திணறல், வயிற்றைப் பிசைந்து வாந்தி, கண் இருட்டிக்கொண்டு மயக்கம். தடிப்பைக் கண்டதும் 'காணாக்கடி' என்று வேப்பிலை தேடிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டபின் தடிப்போடு மூச்சுத் திணறலும் வந்தால் ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்போது வேண்டிய மருந்து அட்ரினலின். ஒரு மில்லி லிட்டர் கொண்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, விலை மலிவு. பெரியவர்களுக்கு அதில் பாதியைத் தொடையின் வெளிப்புறச் சதையில் உடனே போட வேண்டும். தாமதம்தான் இங்கே எமன். ஆனால் நடப்பது என்ன? முதலில் அவில் ஊசி, பிறகு டெக்சா, அதற்குப் பிறகும் ஆள் சரிந்தால்தான் அட்ரினலினைத் தேடுகிறார்கள். அவில் அரிப்பை அடக்கும். விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். பீரோவில் பூட்டி வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டோர்கீப்பர் சாப்பிடப் போய்விட்டால் அந்த அட்ரினலின் இருந்தும் இல்லாததே. ஊசி போடும் மேஜையின் மேல், எட்டிய கையில் அது இருக்க வேண்டும்.

'டெஸ்ட் டோஸ்' போட்டுப் பார்த்தோமே என்று சிலர் சொல்வார்கள். முன்கையில் துளி மருந்தை ஏற்றி, சற்று நேரம் பார்த்து, தடிக்காவிட்டால் முழு ஊசி என்பது நம் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். அந்தத் துளி பேசாமல் இருந்தது என்பதற்காக முழு மருந்தும் பேசாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனை செய்தாயிற்று என்று அட்ரினலினை மறப்பது, பூட்டுப் போட்டாயிற்று என்று கதவைத் திறந்து வைப்பதைப் போன்றது.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வைக்க வேண்டும் என்பதும் எல்லா டாக்டருக்கும் தெரிந்ததே. ஆனால் உட்கார பெஞ்சு எங்கே? வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். மில் தொழிலாளிக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது. நடவுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அரை நாள் கூலி போகிறது. ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அந்த அரை மணியை உழைப்பாளிக்கு மறுப்பது எது என்று மருத்துவப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

எல்லா ஒவ்வாமையும் நிமிஷக் கணக்கில் வருவதில்லை. வேறொரு வகை நாள் கழித்து, வாரம் கழித்து வரும். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண். பிறகு உடம்பெங்கும் சிவந்து, கொப்பளித்து, தீக்காயம் போலத் தோல் உரியும். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் என்று 1922 முதல் மருத்துவர்கள் அறிந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் பினிடாயின், கார்பமசிபைன், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபுரினால், சல்பா மாத்திரைகள் ஆகியவற்றால் சிலருக்கு இது வருகிறது. நம் வீடுகளில் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கொப்பளத்தைக் கண்டதும் 'அம்மை பார்த்திருக்கிறது' என்று வேப்பிலை கட்டி, வாசலை அடைத்து, ஆளை வெளியே விடாமல் வைத்துவிடுகிறோம். மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது! நம்பிக்கையைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் கொப்பளித்தால், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேக மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ, பிழைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. இந்த ஒவ்வாமைப் பயத்தைக் காட்டி ஏழைக்கு நல்ல மருந்தையே மறுப்பது அது. முடக்குவாதக் காய்ச்சல் என்ற நோய் பிள்ளைகளின் இருதய வால்வைத் தின்னும். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் லைன் வீடுகளிலும் சேரிக் குடிசைகளிலும் தொண்டைப் புண் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி வருகிற நோய் இது. பங்களாவில் இதை அதிகம் காண முடியாது. ஒரு முறை வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும். மலிவான மருந்து. ஆனால் "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று போட மறுக்கும் இடங்கள் பல.

அந்தப் பயத்தின் அளவை எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 11 நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 1991-ல் வெளிவந்தது. 1,790 நோயாளிகளுக்கு 32,430 ஊசிகள் போடப்பட்டன. ஏதாவதொரு ஒவ்வாமை வந்தது 57 பேருக்கு. அனபைலாக்சிஸ் வந்தது 4 பேருக்கு, ஒருவர் இறந்தார். ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்ட 1,790 பேரில் 8 பேருக்குத்தான் காய்ச்சல் மீண்டும் வந்தது. ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாத 96 பேரில் 11 பேருக்கு வந்தது. அந்த ஓர் உயிரும் உயிர்தான். அதைக் கணக்குப் போட்டுத் தள்ளிவிட நாம் தயாரில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் மேஜை மேல் அட்ரினலினும் அரை மணிக் கண்காணிப்பும்தானே ஒழிய, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இருதயத்தைக் கெடவிடுவது ஆகுமா?

இந்த மருந்து அடிக்கடி கிடைப்பதும் இல்லை. 2014 முதல் 2016 வரை குறைந்தது 39 நாடுகளில் இதற்குத் தட்டுப்பாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கண்டது. லாபம் குறைந்த பழைய மருந்தை உற்பத்தி செய்ய முதலாளிகளுக்கு மனம் வருவதில்லை. பென்சிலினுக்காகவே புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் பொதுத் துறையில் ஆலை நிறுவிய நாடு இது என்பதை ஆட்சியாளர்களுக்கு நினைவுபடுத்துகிறோம்.

தப்பான முத்திரையும் ஏழைக்கு நஷ்டமே. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாது என்கிறார். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒவ்வாமை இல்லை. வயிற்றுப் போக்கையோ காய்ச்சலின் தடிப்பையோ மருந்தின் மேல் போட்டுவிட்டார்கள். அப்புறம் மலிவான மருந்து இருக்க, விலை உயர்ந்த மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே 'அலர்ஜி' என்று ஒரு வார்த்தை கிறுக்கிக் கொடுப்பது போதாது. மருந்தின் உண்மைப் பெயர் என்ன, எந்தத் தேதியில் கொடுத்தது, எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது, எதைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்ற நான்கு வரி வேண்டும். தமிழில் வேண்டும். நோயாளியின் கையில் வேண்டும்.

உண்மைப் பெயர் என்று அழுத்திச் சொல்கிறோம். ஒரே சரக்கு நூறு கம்பெனியிலிருந்து நூறு பெயரில் வருகிறது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளாக்சசிலின் எல்லாம் பென்சிலின் குடும்பம்தான் என்று அட்டையில் மினுக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்து யார் கண்டுபிடிப்பது? மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டால் அட்டையைக் கத்தரித்து நாலு நிறத்தில் நாலு மாத்திரையைக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். பெயர் வெட்டுப்பட்ட பக்கத்தில் போய்விட்டது. ஒரு மாத்திரைக்குள்ளேயே இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து விற்பதும் உண்டு. அத்தகைய 344 கலவைகளை மத்திய சர்க்கார் 2016-ல் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 2018-ல் 328 கலவைகளுக்குத் தடை மறுபடியும் வந்தது. உடம்பு வீங்கினால் மூன்றில் எது செய்தது என்று டாக்டரே திணற வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தனி மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி ஊர் ஊராக அனுப்பத் தெரிந்த சர்க்காருக்கு, ஒரு அட்டையை அச்சடித்து அனுப்பத் தெரியாதா? எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும், இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், தனியார் நர்சிங் ஹோமிலும் இந்த அட்டை கட்டாயமாக வேண்டும். வார்டில் படுத்திருக்கும்போது படுக்கைச் சீட்டின் தலைப்பிலேயே சிவப்பு மையில் ஒவ்வாத மருந்தின் பெயர் இருக்க வேண்டும். இரவு டூட்டியில் தனியாக ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் நர்ஸ், ஒவ்வொரு கேஸ் கட்டையும் புரட்டிப் படித்துவிட்டு ஊசி போடுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நர்ஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இதில் ஒன்றும் நடக்காது. ஆத்திரத்தில் அந்த நர்ஸ் மேல் கை ஓங்குகிறவர்களுக்கும் சொல்கிறோம்: அவரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தான். கேட்க வேண்டிய கேள்வி, மேஜையில் அட்ரினலின் வாங்கி வைக்காதவர் யார் என்பது.

மருந்துத் தீங்குகளைப் பதிவு செய்ய 2010-ல் அகில இந்தியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியோ குடும்பத்தாரோ செலவில்லாமல் சொல்லலாம். எந்த ஆஸ்பத்திரிச் சுவரில் இந்த எண் எழுதியிருக்கிறது? தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் அலுவலகச் சுவரிலாவது எழுதி வைக்கட்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தூது போகும்போது மாத்திரைத் தட்டுப்பாட்டோடு ஊசி அறை அட்ரினலினையும் கேட்கட்டும். இ.எஸ்.ஐ. என்ற பெயரே எட்டாத விவசாயத் தொழிலாளிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதையே கேட்க வேண்டும்.

சர்க்கார் அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மருந்து உங்களுக்கு ஒவ்வவில்லை என்று டாக்டர் சொன்னால், பெயரை எழுதித் தரும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். மாத்திரையை அட்டையோடு வாங்குங்கள். ஒவ்வாமல் போனால் பெயர் உள்ள துண்டை வெட்டி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறைக்குள் போட்டு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசப் போகிறவர் அவர்தான்.