கட்டிட அனுமதிக் கமிட்டியில் உழைப்பாளியின் குரல் எங்கே?

சென்னை நகரில் பெரிய கட்டிடம் ஒன்று எழும்ப வேண்டுமானால், அதற்கு முன் ஒரு கமிட்டி கூடி மனுவைப் பரிசீலிக்க வேண்டும். அந்தக் கமிட்டி எப்போது கூடுகிறது, அதில் யார் உட்காருகிறார்கள், என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆலையில் பஞ்சுத் தூசியில் நிற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் பட்டணத்து மாடிக் கட்டிடத்தோடு என்ன சம்பந்தம் என்றும் கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. கிராமத்தில் வேலை இல்லாத மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு போய், அந்தக் கட்டிடத்தில் சாந்துச் சட்டி சுமப்பவர்கள் நம்முடைய விவசாயத் தொழிலாளர்களே. அந்த மாடிகள் எழும்பும் நிலத்தில் பல இடங்களில் நேற்று வரை ஆலை இருந்தது, ஏரி இருந்தது, அல்லது நம்மவர்களின் குடிசை இருந்தது. ஆகவே அந்தக் கமிட்டி போடும் கையெழுத்து நம் வேலையையும் வீட்டையும், சில சமயம் உயிரையும் தீர்மானிக்கிறது. அதைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

மனு போகும் பாதை

1971-ம் வருஷத்திய நகர, ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தின் கீழ் 1974 முதல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சட்டபூர்வமான ஸ்தாபனமாக இயங்கி வருகிறது. கட்டிடம் கட்ட விரும்புகிறவர் வரைபடத்தோடு மனுக் கொடுக்க வேண்டும். எந்தக் காரியத்துக்காகக் கட்டுகிறார், அந்தக் காரியத்துக்கு அந்த இடம் பொருத்தமானதா, நாளைய வளர்ச்சிக்கு அது இடைஞ்சலாகுமா என்று பார்த்துத்தான் அனுமதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தின் வாசகம் நல்ல வாசகம்.

18.30 மீட்டருக்கு மேல் உயரமான கட்டிடம் என்றால் அது உயர்மாடிக் கட்டிடம். அதற்கென்று தனிக் கமிட்டி உண்டு. தீயணைப்பு இலாகா, போக்குவரத்துப் போலீஸ், குடிநீர் வாரியம் முதலிய இலாகாக்களின் அதிகாரிகள் அதில் கலந்து கொள்கிறார்கள். ரோடு எவ்வளவு அகலம்? நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது? தீயணைப்பு வண்டி சுற்றி வர முடியுமா? கார்கள் எங்கே நிற்கும்? இவையெல்லாம் பார்க்கப்படுகின்றன. அவசியமான கேள்விகள்தான். ஒன்றையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 2019-ம் வருஷத்து விதிகளின்படி, உயர்மாடிக் கட்டிடத்தில் நிலத்தின் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை தளங்கள் கட்டலாம். பத்து கிரவுண்டு நிலம், அதாவது 24,000 சதுர அடி வைத்திருப்பவர் 78,000 சதுர அடி கட்டலாம். ரோடு அகலமாக இருந்து, அதற்கான தொகையைச் சர்க்காருக்குக் கட்டினால், இதற்கு மேல் 50 சதம் வரை கூடுதலாகவும் கட்டலாம். அப்போது அது 1,17,000 சதுர அடியாகிறது. மண் அதே மண்தான், மடங்குதான் கூடுகிறது. அங்கே ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரு கையெழுத்தின் மதிப்பு என்ன என்பது விளங்கும்.

இவ்வளவு மதிப்புள்ள தீர்மானம் எடுக்கப்படும்போது அக்கம்பக்கத்து ஜனங்கள் அந்த அறையில் இல்லை. கட்டப் போகும் தொழிலாளி இல்லை. இடத்தைக் காலி செய்யப் போகிறவர் இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும் என்று 2006-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. ஜனங்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் முறை அதே அறிவிப்பில் மற்றப் பல திட்டங்களுக்கு வைக்கப்பட்டது. கட்டிடத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்து விட்டார்கள்! கதவைத் திறக்கச் செய்த சட்டமே கட்டிட முதலாளிக்காகக் கதவைச் சாத்தியது.

மௌலிவாக்கம் சொல்வது

2014 ஜூன் 28. சனிக்கிழமை மாலை. சென்னைப் போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்து விட்டது. 61 பேர் மாண்டார்கள். 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இடிபாட்டைத் தோண்டி முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. செத்தவர்கள் யார்? ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த கட்டிடத் தொழிலாளிகள். ஆணும் பெண்ணுமாக, குடும்பம் குடும்பமாக வந்தவர்கள்.

அது திருட்டுத்தனமாக எழும்பிய கட்டிடம் அல்ல. மனுப் போட்டு, பரிசீலனை நடந்து, அனுமதி பெற்ற கட்டிடம். அப்படியானால் பரிசீலித்தவர்கள் எதைப் பரிசீலித்தார்கள்? உயரம், இடைவெளி, தளப் பரப்பு, கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றைத்தான் அனுமதி கொடுக்கும் ஸ்தாபனம் பார்க்கிறது; தூண் தாங்குமா என்பதற்கு உடைமையாளரும் அவர் வைத்த பொறியாளரும் பொறுப்பு என்று பதில் வந்தது. கார் எங்கே நிற்கும் என்று கேட்ட கமிட்டி, கட்டிடம் நிற்குமா என்று கேட்கவில்லை!

உடைமையாளர் சம்பளம் கொடுத்து வைத்த பொறியாளர், அதே உடைமையாளரின் கட்டிடத்துக்குச் சான்று தருவது என்ன ஏற்பாடு? ஆலையில் மேஸ்திரியே கூலிக் கணக்கும் எழுதி, அந்தக் கணக்கை அவனே தணிக்கையும் செய்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? பக்கத்திலேயே நின்ற இரட்டைக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. சில விநாடிகளில் புழுதியாகப் போன அந்தக் கட்டிடமும் அனுமதி பெற்றதே.

மௌலிவாக்கத்துக்குப் பிறகு விதிகள் இறுகின என்பது உண்மை. 2019-ம் வருஷத்து விதிகளில், அடித்தளம் முடிந்ததும் ஒரு சான்றிதழ், முழு வேலையும் முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் என்ற ஏற்பாடு இருக்கிறது. நல்லது, வரவேற்போம். ஆனால் காகிதத்துக்கு மேல் இன்னொரு காகிதம் வைப்பதால் மட்டும் தூண் பலப்படாது. தூணில் கீறல் விழுவதை முதலில் பார்க்கிறவன் கொத்தனார். கலவையில் சிமெண்டு குறைவதை முதலில் அறிகிறவள் சித்தாள். அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மறுநாள் வேலை உண்டா?

இருக்கிறவர்களின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்குத் திருவொற்றியூர் சாட்சி. 2021 டிசம்பர் 27-ல் அங்கே சர்க்கார் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கண்ட ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறி விட்டதுதான் காரணம்.

மீறினவருக்கு மன்னிப்பு

கமிட்டி வைத்த நிபந்தனையைக் கட்டிட முதலாளி மீறினால் என்ன நடக்கும்? மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பினால் இடிக்கச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. நடந்தது வேறு. 1998-ல் சட்டத்திலே 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பணம் கட்டினால் மீறல் முறையாகிவிடும். இது ஒரே ஒரு தடவைக்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டு 2000-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பிறகு அந்த ஒரே தடவையைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மீண்டும் சலுகை.

இதன் விலை என்ன என்று தியாகராய நகரைக் கேளுங்கள். 2008 செப்டம்பர் 1-ல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பற்றியபோது மாண்ட இருவரும் கடை ஊழியர்கள். 2011 அக்டோபர் முடிவில் அந்த வட்டாரத்தில் விதி மீறிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே 31-ல் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று எரிந்து, கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

இதே நகரத்தில் கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளுக்கு எந்த 113-ம் பிரிவும் வரவில்லை. அங்கே புல்டோசர் வந்தது. கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை ஒரு கோடியில், வீடு மறு கோடியில். மாடி வீட்டு மீறலுக்கு அபராதம், குடிசை மீறலுக்கு வெளியேற்றம்! சட்டம் எல்லோருக்கும் சமம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆலை நிலமும் ஏரி நிலமும்

பெரம்பூர் பி அண்டு சி மில்லை நம் தோழர்களில் யார் மறப்பார்கள்? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களால்தான். 1996-ல் மில் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆலை நிலத்தில் மாடி கட்ட மனு வந்தால் ரோட்டின் அகலத்தைக் கேட்க விதி உண்டு. இத்தனை குடும்பங்கள் பிழைத்த நிலமாயிற்றே, இங்கே மறுபடி வேலை தரும் தொழில் ஒன்றுக்கு இடம் விட வேண்டாமா என்று கேட்க விதியில் ஒரு வரி இல்லை.

நீர்நிலை விஷயமும் இப்படியே. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் அதைச் சுற்றிக் கட்டிட மனுக்கள் நிற்கவில்லை. அந்த எல்லைக்குள்ளும் ஒரு கிலோமீட்டர் சுற்றிலும், எல்லை ஆய்வு முடியும் வரை புது அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரத்துக்கு இதைச் சொல்ல ஒரு தீர்ப்பாயம் வேண்டுமா?

தாமதம் என்ற கூப்பாடு

ஜனங்களைக் கேட்டால் தாமதமாகும், தொழில் முடங்கும் என்று கட்டிட முதலாளிகள் கூப்பாடு போடுவார்கள். தாமதத்தை நாமும் விரும்பவில்லை. ஒரு சிறு வீடு கட்டும் குடும்பத்தை வருஷக் கணக்கில் அலைய விடுவது அக்கிரமம். அதனால்தான் 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தாங்களே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம் என்று வந்த ஏற்பாட்டை நாம் குறை சொல்லவில்லை. சிறு வீட்டுக்கு வேகம் வேண்டும். இருபது மாடிக்கு விசாரணை வேண்டும். பதினோரு மாடியின் அடியில் 61 பேர் புதைந்தபின் சில வாரத் தாமதத்தைப் பெரிய நஷ்டம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

நாம் கேட்பது

நகரத் திட்டமிடுவதும், நில உபயோகத்தையும் கட்டிடங்களையும் ஒழுங்குபடுத்துவதும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரசபைக்குரிய காரியங்கள் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1992-லேயே பட்டியலின் முதல் இரண்டு இனங்களாக வைத்தது. 2022 நவம்பர் 1-ல் நம் நகரங்களில் ஏரியா சபைகளும் கூட ஆரம்பித்தன. கூட்டம் போட இடம் இருக்கிறது. அதிகாரத்தைத்தான் அங்கே கொண்டுவர வேண்டும்.

ஒன்று: பெரிய கட்டிடத்துக்கு மனு வந்தவுடன் அந்த இடத்திலேயே தமிழில் பலகை வைக்க வேண்டும். யார் கட்டுகிறார், எத்தனை மாடி, தண்ணீர் எங்கிருந்து வரும், சாக்கடை எங்கே போகும், ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி எது என்பவை அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: அந்த மனுவை ஏரியா சபையில் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். ஜனங்களின் ஆட்சேபத்துக்குக் கமிட்டி எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று: கட்டிட பலத்தைப் பரிசோதிக்கும் பொறியாளர் முதலாளியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். வேலையிடத்துத் தொழிலாளி அபாயம் என்று சொன்னால் உடனே வேலையை நிறுத்திப் பார்வையிட வேண்டும். சொன்னவரின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

நான்கு: கமிட்டியில் வார்டு கவுன்சிலருக்கும் கட்டிடத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதிக்கும் இடம் வேண்டும். கட்டிட அனுமதியின்போதே தொழிலாளர் நல நிதிக்குப் பணம் வசூலாகிறது. பணக் கணக்கில் இருக்கிற தொழிலாளி, பேச்சுக் கணக்கில் ஏன் இல்லை?

ஐந்து: இனி ஒரு 113-ம் பிரிவு வரக்கூடாது. குடிசையை எடுக்க வேண்டி வந்தால், அதே வட்டாரத்தில் வீடு கொடுத்த பிறகே எடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. நகரத்திலுள்ள தோழர்கள் அடுத்த ஏரியா சபைக்குத் தவறாமல் போங்கள். உங்கள் தெருவில் எழும்பும் கட்டிடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிராமத் தோழர்கள், கட்டிட வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளிடம் சங்கத்தின் முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள். கல்லும் மண்ணும் சுமக்கிறவன் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அந்த அறையின் கதவு திறந்தே தீரும்.