சாக்ஸ், லீவ் லெட்டர், பீர்: 1,900 வருடப் பழைய ராணுவக் குப்பையை ஏன் அவசரமாகத் தோண்ட வேண்டும்?

ரோமானிய ராணுவம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் பார்த்த கேடயம், வாள், குதிரை. சரி, சண்டை இல்லாத நாட்களில் அந்த வீரர்கள் என்ன செய்தார்கள்? அதற்கான பதில் இங்கிலாந்தின் ஈர மண்ணுக்குள் கிடக்கிறது.

எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடக்கே, ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள முகாம் விண்டோலாண்டா. கி.பி. 122-ல் சுவர் கட்டத் தொடங்குவதற்கு முன்பே இங்கே படை தங்கியிருந்தது. 1973-ல் தொல்லியலாளர் ராபின் பர்லியின் குழுவுக்கு மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மையால் எழுதிய எழுத்து! அஞ்சலட்டை அளவுள்ள இந்தப் பலகைகள் இதுவரை 1,700-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

அப்படி என்ன எழுதியிருக்கிறார்கள்?

ஒரு பலகை, படைப்பிரிவின் வருகைப் பதிவு. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வேறு இடங்களுக்குப் போயிருக்கிறார்கள். மிச்சம் 296. அவர்களிலும் 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண் நோய். ஆக, கணக்கில் 752, களத்தில் 265. ஆபீஸில் டீம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

லீவ் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் நிறைய உண்டு. சாக்ஸ், செருப்பு, உள்ளாடை அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம் சொல்கிறது. மாஸ்க்லஸ் என்ற அதிகாரி, நாளைக்கு என்ன வேலை என்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, கடைசியில் 'வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பி வையுங்கள்' என்கிறார். கிளாடியா செவெரா தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைக்கிறார். எழுத்தர் எழுதிய அந்தக் கடிதத்தின் முடிவில் சில வரிகள் அவருடைய சொந்தக் கையெழுத்து. ஒரு பெண் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு பலகையில் மிளகுக்கும் கணக்கு இருக்கிறது. ரோமானியர்களுக்கு மிளகு போனது முசிறி போன்ற சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்துதான். நம்ம ஊர்ப் பக்கத்துச் சரக்கு, அந்தக் குளிர்ப் பிரதேசச் சமையல்வரை போயிருக்கிறது.

குப்பை சொல்லும் உண்மை

சாதாரண வீரர்கள் பணிக்காலத்தில் சட்டப்படி திருமணம் செய்ய முடியாது என்பது அன்றைய விதி. ஆனால் விண்டோலாண்டாவில் கிடைத்த 5,000-க்கும் மேற்பட்ட காலணிகளில் குழந்தைகளுடையதும் இருக்கின்றன. அதுவும் முகாமின் ஆரம்ப கால அடுக்குகளிலேயே. சட்டம் கண்டுகொள்ளாத குடும்பங்கள் அங்கே வாழ்ந்திருக்கின்றன. தளபதிகளின் வீரத்தை எழுதிய வரலாற்று நூல்கள் இதைச் சொல்லவில்லை, தூக்கிப்போட்ட செருப்புதான் சொன்னது.

இத்தனை நாள் எப்படித் தப்பித்தது?

ஒரு படை கிளம்பியதும், அடுத்து வந்தவர்கள் பழைய மரக் கட்டடங்களை இடித்து, களிமண்ணும் புல்தரையும் போட்டு மூடி, மேலே புதிதாகக் கட்டினார்கள். அடியில் ஈரம் தங்கியது, காற்று போகவில்லை. காற்று இல்லாவிட்டால் மரத்தையும் தோலையும் மக்கச் செய்யும் கிருமிகளுக்கு வேலை இல்லை.

இப்போது அந்த ஈரத்துக்குத்தான் ஆபத்து. கோடை வறட்சியும் கனமழையும் மாறி மாறி வர, அந்தப் பகுதியின் கரி மண் காய்கிறது. அருகிலுள்ள மாக்னா முகாமில் 2023-ல் அகழாய்வு தொடங்கியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம்?

'தோண்டாமல் விட்டுவைப்போம், நாளைக்கு இன்னும் நல்ல தொழில்நுட்பம் வரும்' என்பது தொல்லியலில் நியாயமான வாதம்தான். ஆனால் மண் ஈரமாக இருக்கும்வரைதான் அது செல்லும். காயத் தொடங்கிய இடத்தில் காத்திருந்தால், நாளைய தொழில்நுட்பத்துக்குத் தூள்தான் மிஞ்சும்.

அதனால் பணமும் ஆட்களும் முதலில் போக வேண்டிய இடம் இந்தக் குப்பைக் குழிகள்தான் என்பது என் கருத்து. கற்சுவரை இன்னும் நூறு வருடம் கழித்தும் ஆராயலாம். ஒரு குழந்தையின் தோல் செருப்பு அதுவரை தாங்காது.