கூடையில் மிஞ்சிய கறுப்புக் கல்

சிவ நடனம் பற்றி எழுதிய கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி என்றால் நம் மேடைகளில் நடராஜர் நடனமாடாமல் விடமாட்டார். இலங்கையில் அவர் சம்பளம் வாங்கியது என்னவோ கல் பார்ப்பதற்கு. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் இயக்குநர். சப்பிரகமுவாவில், பலாங்கொடைப் பக்கத்து ஓடைகளில் மாணிக்கத்துக்காகச் சரளையை அரித்தால் கூடையடியில் கனத்த கறுப்பு மணிகள் தங்கும்; பல குட்டிக் கனசதுரங்கள். 1904இல் அதை அவர் யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்றே எடுத்துக்கொண்டார். லண்டனில் வேதியியலாளர் டன்ஸ்டன் பகுத்தபோது பெரும்பகுதி தோரியம். தோரியனைட் என்று பெயரிட்டார்கள். தவறிய கணிப்பு என்று இதை நான் தள்ளமாட்டேன். மாணிக்கத்துக்காக அரித்த சரளையில் மாணிக்கமல்லாததைப் பொறுக்கி எடுத்ததுதான் பெரிய காரியம். அடுத்த ஆண்டே அந்த இலங்கைக் கல்லிலிருந்து ஒட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்கு நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான். அந்நாளில் தோரியத்துக்குச் சந்தையோ வேறு: தோரியம் சேர்த்த காஸ் விளக்கு மேன்டில். தோட்டத்துக் கலியாணங்களில் பெற்றோமக்ஸ் ஏற்றிய கைகளுக்கு அந்த வெள்ளை வலைத்துணி நன்றாகத் தெரியும். நடராஜர் பற்றிப் பேச ஆள் உண்டு. பலாங்கொடைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது அந்தக் கறுப்பு மணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாவது காட்டுங்கள்.