பழைய சீட்டுக்கு புது மாத்திரை!

சென்னை,—

"தம்பி, போன மாசம் வாங்கினதுதான். அதே மாத்திரை. 30 கொடுப்பா."

மாலை நேரத்தில் நகரின் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும். பெரியவர் சீட்டை நீட்டுகிறார். கிழியாமல் இருக்க அதை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். தேதியைப் பார்த்தால் சீட்டுக்கு வயது 3!

கடைப் பையன் தேதியைப் பார்ப்பதில்லை. சீட்டோடு வந்த காலி அட்டையைத்தான் பார்க்கிறான். அதே பெயருள்ள அட்டையை எடுத்துப் போடுகிறான். அரை நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது.

இது சரியா, தப்பா? தப்பு என்றால் யார் பேரில்?

சட்டம் என்ன சொல்கிறது?

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. "எச்" பட்டியலில் உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. பிரஷருக்கு ஏராளமானோர் சாப்பிடும் அம்லோடிபின், அட்டினலால் இரண்டும் இந்தப் பட்டியலில் இருப்பவைதான்.

ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. "மறுபடியும் கொடுக்கலாம்" என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் மறு தடவை. எத்தனை தடவை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் அதன்படிதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், விலாசம், தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். லேமினேஷன் செய்த சீட்டில் எங்கே குறிப்பது?

மூன்று பேர், மூன்று நியாயம்

டாக்டர் "ஒரு மாதம்" என்று எழுதிக் கொடுக்கிறார். "தொடர்ந்து சாப்பிடுங்க, நிறுத்திடாதீங்க" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார். அவர் வாயால் சொன்னது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரரோ, "இல்லேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார்" என்கிறார்.

நோயாளிக்கு ஒவ்வொரு மாதமும் டாக்டர் பீஸ், ஆட்டோ செலவு, அரை நாள் கூலி நஷ்டம். அதனால் பழைய சீட்டே கதி.

அப்படியானால் கடைக்காரர் கறாராக மறுத்துவிட்டால் சரியாகி விடுமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. இதய நோய் உள்ளவர் அட்டினலாலை திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி அதிகமாகும், மாரடைப்பே வரலாம். கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் தப்பு, ஒரேயடியாக விரட்டுவதும் தப்பு.

உடம்பு பழைய சீட்டில் நிற்குமா?

சீட்டு 3 வருடம் அப்படியே இருக்கும். உடம்பு அப்படி இருக்காது.

சுகருக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவருக்கு சிறுநீரகம் பழுதுபட்டால் அளவைக் குறைக்க வேண்டும். மிகவும் மோசமானால் அந்த மாத்திரையே கூடாது. இது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். காலி அட்டையைப் பார்த்துத் தெரியாது.

இரண்டு டாக்டர்களிடம் போகிறவருக்கு இன்னொரு தொல்லை. ஒரே மருந்து, இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு தலை சுற்றி விழுகிறவர்கள் உண்டு.

தூக்க மாத்திரைக்கு ஒரு கண்

"எச்-1" என்று தனிப் பட்டியல் 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. சில தூக்க மாத்திரைகள், பல ஆன்டிபயாடிக் மருந்துகள் இதில் வரும். வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

போதைக்காக மாத்திரை விற்றால் போலீஸ் வருகிறது, பேப்பரிலும் வருகிறது. பிரஷர் மாத்திரை வாங்கும் பெரியவரின் சீட்டை யாரும் கேட்பதில்லை.

வழி என்ன?

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் ஒரு வழியைக் காட்டியது. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் பெண் ஊழியரே பிரஷரும் சுகரும் பார்ப்பது என்று ஏற்பாடு. மாத்திரையும் பரிசோதனையும் சேர்ந்தே வந்தன. தனியார் டாக்டர், தனியார் கடை என்று போகிறவர்களுக்கு இல்லாமல் போனது இந்தச் சேர்க்கைதான்.

அவர்களுக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. செலவும் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "சார், எத்தனை மாசத்துக்கு வாங்கலாம்னு சீட்டுல எழுதிடுங்க" என்று கேட்க வேண்டியதுதான். "மாதம் ஒரு முறை, 3 தடவை" என்று ஒரு வரி. அடுத்து எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று இன்னொரு வரி.

கடையில் வாங்கும்போது தேதி போடச் சொல்லுங்கள். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சீட்டை மட்டும் லேமினேஷன் செய்யாதீர்கள். அது எழுதுவதற்கு உள்ள காகிதம்!