ஐந்து நாட் பேரும் ஒரு போத்தல் இரும்பும்

மலையேறிக் கொழுந்து பறிக்கையில் மூச்சு வாங்கி நின்றுவிடும் பெண்ணைச் சோம்பேறி என்பார் கங்காணி. வீட்டில் மாமியாரும் அதையே சொல்வார். பூசை முடிந்ததும், "சாமி, எந்நேரமும் தலை சுத்துது, மந்திரிச்சு விடுங்க" என்று வந்த தாய்மாரை நானும் பல ஆண்டுகளாக ஆசீர்வதித்து அனுப்பியிருக்கிறேன். ஆசீர்வாதத்தில் குறையில்லை. ஆனால் வெளிறிய கீழிமையும் நகமும் எதைச் சொல்கின்றன என்பதை ஒரு குடும்பநல உத்தியோகத்தர் காட்டித் தந்த பின்னரே, நான் எதைக் காணாமல் இருந்தேன் என்பது விளங்கிற்று.

குருதிச்சோகை என்பது புதிய நோயன்று. கர்ப்பிணியின் 100 மில்லிலீற்றர் குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் கடுமையானது. ஒரு கர்ப்பத்திற்கு மொத்தமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகின்றது. சாதாரண உணவிலிருந்து உடல் உறிஞ்சுவதோ நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் மட்டுமே. அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, வெறுங்காலால் ஏறும் கொக்கிப்புழு, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் என்பன சேரும்போது இருப்பு எப்படி மிஞ்சும்? இத்தகைய தாய்க்குப் பிரசவத்தின்போது சற்று அதிகமாகக் குருதி போனாலும் அவளால் தாங்க முடிவதில்லை. மற்றத் தாய் பிழைக்கும் இடத்தில் இவள் இறந்துபோகிறாள்.

கிளினிக்கில் இரும்புக் குளிசை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆயினும் குளிசை கொடுத்தாயிற்று என்பது வேறு, குளிசை குருதியில் சேர்ந்தது என்பது வேறு. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பலர் அதைத் தகரப் பேணியிலேயே போட்டு வைத்துவிடுகிறார்கள். விழுங்குகிறவர்களிலும் பலர் பிளேன்டியோடு விழுங்குகிறார்கள். தேயிலையிலுள்ள தனின் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுப்பவளின் இரும்பை அதே தேயிலை பறிப்பதை விதியின் கேலி என்பதா? கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் போடுவதும் இதே தவறுதான். இரும்பைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்து, தேநீரை ஓரிரு மணித்தியாலம் தள்ளி வைத்தால் பலருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

ஆனால் எல்லோருக்கும் அப்படியல்ல. குளிசை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஏழாம் மாதத்தில்தான் கிளினிக்குக்கு வருபவர்கள், ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவர்கள் ஆகியோருக்குக் காலம் போதாது. இவர்களுக்காகவே நாளத்தினூடாக இரும்பு ஏற்றும் சிகிச்சை இருக்கின்றது. முன்னாளில் பயன்பட்ட இரும்பு டெக்ஸ்ட்ரான் சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமையை ஏற்படுத்தியதால் வைத்தியர்கள் அஞ்சினார்கள். பின்னர் வந்த இரும்பு சுக்ரோஸ், பெரிக் கார்பொக்சிமோல்ட்டோஸ் போன்றவற்றில் அந்த ஆபத்து வெகு குறைவு.

இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள தாய் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 7.5 என்று கொள்வோம். அதை 11 ஆக்கவும் உடலில் இருப்பு வைக்கவும், வைத்தியர்கள் வழமையாகப் போடும் கணக்கின்படி ஏறத்தாழ 880 மில்லிகிராம் வேண்டும். சுக்ரோஸ் மருந்தைத் தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் ஏற்றினால் ஐந்து தடவை. மற்ற மருந்தை உடல் எடைக்கேற்ப ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை கால் மணித்தியாலத்தில் ஏற்றலாம். ஆனால் அதன் விலை அதிகம். ஆகவே மலிவானதே போதும் என்று தீர்மானிப்பது கணக்குப் புத்தகத்தில் நியாயமாகவே தோன்றும். அந்தக் கணக்கில் விடுபட்டது எது? லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடை, பஸ், ஐந்து நாட் பேர், வீட்டிலிருக்கும் சிறுபிள்ளையைப் பார்க்க ஒருவர். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுபோன தாய் ஒருத்தியை, "உனக்குப் பொறுப்பில்லையா?" என்று கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். அவளுடைய ஐந்து நாளையும் விலையாகப் போட்டுப் பார்த்தால் எது மலிவு?

இதனால் ஊசியே சர்வரோக நிவாரணி என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இது கொடுக்கப்படுவதில்லை. தொற்றுநோய் இருக்கும்போதும் தவிர்க்கப்படும். தலசீமியா உள்ளவர்களும் வெளிறித்தான் இருப்பார்கள். இரும்புக் குறைபாடு இல்லாத அவர்களுக்கு இரும்பு ஏற்றுவது தீங்கு. எனவே பெரிட்டின் போன்ற பரிசோதனை முன்னரே வேண்டும். ஏற்றிய பின் அரை மணித்தியாலமாவது கண்காணிப்பும், அவசர மருந்தும், அருகில் வைத்தியரும் வேண்டும். மலாவி நாட்டில் நடத்தப்பட்டு 2023இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், ஊசி பெற்ற தாய்மாருக்கும் குளிசை பெற்றோருக்கும் 36ஆம் வாரத்தில் குருதிச்சோகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கே மலேரியா உண்டு. இலங்கை 2016இலேயே மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. ஆயினும் எல்லோருக்கும் ஊசி என்று ஓடக்கூடாது என்ற எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

அதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. நகரத்துத் தனியார் மருந்தகங்களில் "பலத்துக்குச் சேலைன்" ஏற்றும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. தாலிக்கொடியை அடகு வைத்து வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்தவர்களை நான் அறிவேன். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்தி, வைத்தியர் பலரிடம் உள்ளதெல்லாம் செலவழித்தும் குணமடையாத பெண்ணைப் பற்றி மாற்கு எழுதியிருக்கிறார். அவளுக்கும் கடுமையான குருதிச்சோகை இருந்திருக்கும் என்று ஒரு வைத்திய நண்பர் சொன்னபோது, அந்தப் பகுதியை அதுவரை நான் எத்தனை தடவை மேலோட்டமாகப் பிரசங்கித்திருக்கிறேன் என்று தோன்றிற்று.

தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைகளில், தேவையெனக் கண்ட தாய்க்கு ஒரே தடவையில் ஏற்றும் மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எவர் பட்டியலின் அடியில் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அந்த ஒரு நாளுக்குப் பேர் போட இணங்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. பங்குகள் செய்யக்கூடியது வாகனம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் ஏற்றிச் செல்லும் அதே வான், கிளினிக் நாளில் கோயில் முற்றத்தில் சும்மா நிற்கிறது. சாவி என்னிடந்தான் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் அது காலை ஆறு மணிக்கு மேற்பிரிவு லயத்தடியில் நிற்கும்.