சிறுவர்க்கு இசையுணர்ச்சி பயிற்றுதல்

இசை உள்ளத்தை உருக்குமென்பது யாவரும் அறிந்ததே. ஆயின், எவ்விசை எவ்வுணர்ச்சியை எழுப்புமென்பதைச் சிறுவர்க்கு எங்ஙனம் பயிற்றுவது? மேனாட்டிசை கற்பிப்போர் பலர் எளியதொரு விதி கூறுவர்: மேஜர் நிரல் மகிழ்ச்சிக்கு, மைனர் நிரல் துயரத்துக்கு என்பது அது. இவ்விதி செவிப்பயிற்சிக்கு வாயிலாகலாம். மாணவர் செவியை அளக்குங் கோலாதல் கூடாதென்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

சென்ற கோடையில், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை அடிவாரத்துச் சிற்றூரொன்றில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டுக் கற்பிக்கும் பணி எமக்கு வாய்த்தது. ஆர்மோனியத்தில் மைனர் நிரலை மெல்ல வாசித்து, "இதைக் கேட்டால் என்ன தோன்றுகிறது?" என்று வினவினோம். "எங்க அப்பத்தா தங்கச்சிப் பாப்பாவைத் தூங்க வைக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு சிறுமி. யாமோ, "தவறு, இது துயரம்" என்று திருத்தினோம். அன்று மாலைவரை அவள் வாய் திறந்திலள்.

தவறியவர் யாமே என்பது பின்னரே விளங்கிற்று. மேஜர் நிரலுக்கு நேரானது நம் 29-ஆவது மேளமாகிய தீரசங்கராபரணம். இயல்பான மைனர் நிரலுக்கு நேரானது 20-ஆவது மேளமாகிய நடபைரவி. ஆதாரசுருதி ஒன்றாக வைத்துப் பாடின், ரி, ம, ப இரண்டிற்கும் பொது. க, த, நி என்னும் மூன்றும் நடபைரவியில் அரைச்சுர அளவு தாழும். இவ்வேறுபாட்டைச் செவி எளிதில் உணரும். எனினும், உணர்ச்சி முழுதும் அம்மூன்று சுரங்களில் அடங்கிவிடுமோ? ஊக்கந்தரும் பிலகரியும் உறக்கந்தரும் நீலாம்பரியும் சங்கராபரணத்தின் மக்களே. இரங்கற்குரிய முகாரியும் மங்கலத்துக்குரிய ஸ்ரீராகமும் கரகரப்பிரியா என்னும் ஒரு மேளத்திற் பிறந்தனவே. மேனாட்டிலும், 'காட் ரெஸ்ட் யூ மெர்ரி' என்னும் களிப்பான கிறிஸ்மஸ் கீதம் மைனர் நிரலினது. ஐசக் வாட்ஸின் சிலுவைப் பாட்டிற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ராக்கிங்ஹாம்' மெட்டு மேஜர் நிரலினது. நடை, கமகம், சொல், பாடும் இடம் யாவுங் கூடியே உணர்ச்சி பிறக்கின்றது. தொல்காப்பியர் யாழை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்ததும் இங்கு எண்ணத்தக்கது.

நம் நாட்டுப்புறத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் இழுத்துப் பாடும் நடையால் ஒன்றையொன்று ஒத்தன. அச்சிறுமியின் செவி அவ்வுறவைக் கண்டது. எமது விதி அதனைக் காணவில்லை.

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியப் பயிற்சி பெற்றதும், இசை பயின்றதும் இத்திண்டுக்கல்லிலேயே. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட அப்பெரியார், சுருதிகள் 22 என்னும் நெடுநாட் கொள்கையை அவ்வாறே ஏலாது, தாமே ஆராய்ந்து 24 என நிறுவ முயன்றார். அவர் முடிபை ஏற்பினும் மறுப்பினும், கேட்டு ஆராய்ந்த பின்னரே கொள்ளுதல் என்னும் அவர் நெறி ஆசிரியர் யாவர்க்கும் உரியது.

ஆதலின், சிறுவர் அறிந்த பாட்டொன்றை முதலில் மேல் காந்தாரத்தோடும், பின்னர்க் கீழ்க் காந்தாரத்தோடும் பாடிக் காட்டுக. விரைந்தும் தாழ்த்தும் பாடுக. அவர்க்குத் தோன்றியதைத் தம் சொல்லாலேயே கூறவிடுக. மேஜர், மைனர் என்னும் பெயர்களை இறுதியிற் கூறினாற் போதும்.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். மறுநாள் யாம் அச்சிறுமியை அழைத்து, அவள் அப்பத்தாவின் தாலாட்டைப் பாடச் சொன்னோம். முதலில் நாணினாள், பின்பு பாடினாள். அவள் குரலுக்குரிய கட்டையை ஆர்மோனியத்தில் தேடிக் காண எமக்கு நெடும்பொழுது சென்றது.