பள்ளி ஆவணங்களைக் கணினிமயமாக்குதல்: எங்கள் நிலைப்பாடு

கரோல் பாக் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர், முன்னாள் மாணவர் கூட்டறிக்கை

தில்லித் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று கரோல் பாக்கை ஒட்டிய பூசா சாலையில் இருக்கிறது. எங்கள் கருத்து அந்தப் பள்ளிக்கு மட்டுமானதல்ல. இவ்வட்டாரத்தில் ஆவண மேலாண்மை மென்பொருள் வாங்க நினைக்கும் எல்லாப் பள்ளிகளுக்குமானது.

ஆவணங்கள் கணினிக்கு மாறட்டும், அதை வரவேற்கிறோம். ஆனால், பதிவான அத்தனையையும் பள்ளி விரும்பும் நேரத்தில் முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள வழிவிடாத மென்பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எந்தப் பள்ளியும் வாங்கக் கூடாது.

மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா. சேர்க்கைப் பதிவேட்டின் ஆயுளோ மாணவரின் ஆயுள். பிறந்த தேதிக்கு ஆதாரம் தேடி அறுபது வயதிலும் ஒருவர் பள்ளி அலுவலகத்துக்கு வருவார். மின்னணு ஆவணம் பின்னாளிலும் திறந்து பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே, விற்க வருபவர் காட்டும் வண்ணத் திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வகுப்பின் பதிவுகளை, எந்தப் பக்கம் யாருடையது, எந்த ஆண்டுக்குரியது என்ற விவரத்தோடு வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்கள் நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவில் இருக்கட்டும். அந்தக் கோப்புகளை அவர்களுடைய மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் படும் பாடு தனி. நம் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர்தான் இனிஷியல். குடும்பப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் மென்பொருளில் எழுத்தர் எதையாவது நிரப்பித்தான் ஆக வேண்டும். கார்த்திகேயன் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் 'டி'-க்குப் பின் 'எச்' சேர்த்து எழுதுவோம். வடக்கே அந்த 'எச்' விழுந்துவிடும். டி.சி.யில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம் என்றானால், பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போது அலைச்சல் பெற்றோருக்குத்தான். எனவே மூலப் பதிவேட்டின் படம் பெயரோடு இணைந்திருக்க வேண்டும். எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் பெயர் கிடைக்க வேண்டும். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அழியாமல் பதிவாக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தேடலில் அவை அகப்படவே மாட்டா.

எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கருதுகிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்கச் சொல்கிறது. வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு பள்ளியுடையதே. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக இருக்கட்டும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் சேர்ந்த பிள்ளையின் வருமானச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை ஆகியவற்றுக்குக் கெடு வேண்டும்; அவற்றை எல்லா ஆசிரியர்களும் திறந்து பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆண்டு மலர், பழைய புகைப்படங்கள் போன்றவற்றுக்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்கா இயங்குவதே டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில்தான்.

பள்ளி நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதை முறித்துக்கொள்வதற்கான விதிகளைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஸ்கேன் முடிந்துவிட்டது என்பதற்காகப் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.